தண்டிக்க முடியாதவரின் கட்டளை: பாவனை வானத்தின் தன்னார்வக் கட்டுப்பாட்டாளர்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

பருத்திப்பட்டில் நான் குடியிருக்கும் வீட்டின் மேல்மாடியில் ஒரு தம்பி இருக்கிறான். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கணக்கெழுதும் வேலை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அவன் சென்னை விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரமாகிவிடுகிறான். காதில் ஹெட்போன், முன்னால் ஒரு பழைய கணினி, திரையில் ஊர்ந்துபோகும் சில புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் தன் வீட்டில் உட்கார்ந்து ஃபிளைட் சிமுலேட்டரில் விமானம் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஆள். 'இந்த உயரத்துக்கு இறங்கு', 'ஓடுபாதைக்கு வெளியே நில்' என்று இவன் ஆங்கிலத்தில் சொல்கிறான். அவர்கள் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லிவிட்டு அப்படியே செய்கிறார்கள். நிஜ விமானம் ஒன்றுகூட இல்லை. ஆனால் சொல்லும் குரலும் கேட்கும் குரலும் நிஜம்.

"இதுக்கு என்னடா சம்பளம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சம்பளமா? இந்த சீட்ல உக்கார எட்டு மாசம் காத்திருந்தேண்ணே. ரெண்டு பரீட்சை வேற" என்றான்.

சிரித்துவிட்டேன். பிறகு அந்தச் சிரிப்பே உறுத்த ஆரம்பித்தது. நம்மைப் போன்ற சிறுபத்திரிகைக்காரர்களிடம், இயக்கம் சார்ந்தவர்களிடம் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, வேலை இல்லாத நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு. (அவன் நடுத்தர வர்க்கமும் இல்லை, வேலை இல்லாதவனும் இல்லை.) இன்னொன்று, 1975ல் ஃபூக்கோ 'கண்காணிப்பும் தண்டனையும்' எழுதியதிலிருந்து நாம் பழகிக்கொண்ட பதில்: அதிகாரம் இப்போது வெளியிலிருந்து அடிப்பதில்லை, நாமே நம்மைக் கண்காணித்துக்கொள்கிறோம், இதோ ஓய்வு நேரத்திலும் ஒழுங்குக்குத் தலைகுனியும் உடல்கள். இந்தப் பதில் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்திவிடுகிற பதில் எதையும் விளக்குவதில்லை. சம்பளம் கிடையாது, சட்டம் கிடையாது, ஒருத்தர் சாகப்போவதும் கிடையாது. அப்படியிருக்க, ஒரு கட்டளை எடை பெறுவது எங்கிருந்து? தன்னார்வக் கட்டுப்பாட்டாளர்களின் குறுகிய வரலாற்றின் வழியே இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் குறிப்புகளின் நோக்கம். கேள்வி நம்முடைய அமைப்புகளுக்கும் பொருந்தும் என்பதை மறைக்கப்போவதில்லை.

2

அவர்கள் பாவனை செய்கிற அசல் எப்படி உருவானது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1920ல் லண்டனுக்கு அருகே குராய்டனில் முதல் கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுந்தது. 1929ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆர்ச்சி லீக் என்பவர் ஒரு தள்ளுவண்டி, ஒரு கடற்கரைக் குடை, இரண்டு கொடிகளோடு ஓடுபாதை ஓரத்தில் போய் நின்றார். ஒரு கொடிக்கு 'போ' என்று அர்த்தம், இன்னொன்றுக்கு 'நில்'. 1935 டிசம்பரில் நெவார்க்கில் முதல் வழித்தடக் கட்டுப்பாட்டு நிலையத்தைத் திறந்தவர்கள் விமானக் கம்பெனிக்காரர்கள். முட்டிக்கொள்ளாமல் இருக்கத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. 1936 ஜூலையில்தான் அமெரிக்க அரசு அதைத் தன் கையில் எடுத்தது.

அரசு எடுத்துக்கொண்ட பிறகு விதிகள் வளர்ந்த விதத்தை விபத்துகளின் வரிசையாகவே சொல்லிவிடலாம். 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யன் மேலே இரண்டு பயணி விமானங்கள் மோதி 128 பேர் செத்தார்கள். 1958ல் அமெரிக்க வானம் முழுவதற்கும் ஒரே அமைப்பு வந்தது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் பனிமூட்டத்துக்கு நடுவே ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதின. 583 பேர். டச்சு விமானி தான் கிளம்புவதாகச் சொன்னதை, கிளம்பத் தயாராக இருப்பதாகக் கோபுரம் எடுத்துக்கொண்டது. கோபுரம் 'ஓகே' என்று ஆரம்பித்துச் சொன்ன மிச்சம் அலைவரிசையில் இன்னொரு குரலோடு மோதிக் கீச்சொலியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை அந்த அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர வேறு எங்கேயும் உச்சரிக்கக் கூடாது என்று ஆனது. வெறும் 'ஓகே' போதாது, கட்டளையைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற பழக்கமும் இறுகியது.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டெல்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவுதி விமானமும் டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் விமானமும் மோதின. 349 பேர். ஒருத்தரும் பிழைக்கவில்லை. சவுதி விமானத்தில் இருந்தவர்களில் கணிசமானோர் பிழைப்புக்காக வளைகுடாவுக்குப் புறப்பட்ட இந்தியர்கள். ஏறியவருக்கு 14,000 அடி, இறங்கியவருக்கு 15,000 அடி என்று டெல்லிக் கட்டுப்பாட்டாளர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆங்கிலத்தில் சொன்னதை அந்த விமானத்தில் கேட்டுப் பதில் சொன்னவர் ரேடியோ ஆள், விமானத்தை ஓட்டியவர் வேறு ஆள். டெல்லியில் அன்று இருந்த ரேடாரோ விமானத்தின் உயரத்தைக் காட்டாதது. மோதல் எச்சரிக்கைக் கருவி இந்திய வானத்தில் கட்டாயமானது இதற்குப் பிறகு.

இந்த மூன்று சம்பவங்களையும் வைத்துக்கொண்டு பார்த்தால், நிஜக் கோபுரத்தின் சொல்லாடலில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு விசாரணை அறிக்கையும் செத்துப்போனவர்களின் பட்டியலும் இருக்கிறது. கட்டுப்பாட்டாளர் சொன்னால் கேட்க வேண்டும் என்பதற்குச் சட்டத்துக்கும் முன்னால் அந்தப் பட்டியல் காரணமாக நிற்கிறது. பாவனைக் கோபுரம் இதே சொற்களை ஒன்று விடாமல் எடுத்துக்கொள்கிறது. பட்டியல் மட்டும் அதனிடம் இல்லை.

3

1982ல் மைக்ரோசாஃப்ட் தன் முதல் ஃபிளைட் சிமுலேட்டரை வெளியிட்டது. அந்த வானத்தில் ஓட்டுகிறவர் ஒருவர்தான். 1990களின் பிற்பாதியில் இணையம் வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தபோது, ஸ்குவாக்பாக்ஸ், புரோகன்ட்ரோலர் என்று ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள்கள் ஒருவருடைய விமானத்தை இன்னொருவருடைய திரையில் காட்டின. இரண்டு பேர் ஒரே வானத்தில் இருந்தால் மோதலாம். மோதலாம் என்றால் நடுவில் ஒருவர் வேண்டும். 1997ல் சாட்கோ என்ற அமைப்பு உருவானது. 1998ல் அதிலிருந்து ஒரு குழு உடைந்து போய் இவாவ் ஆனது. 2001 ஜூலையில் சாட்கோவில் மிச்சமிருந்தவர்களில் பலர் வெளியேறி வாட்சிம் என்ற வலைப்பின்னலைத் தொடங்கினார்கள். நான்கு வருஷத்தில் இரண்டு உடைப்பு. தமிழ்ச் சிறுபத்திரிகைகளின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆச்சரியம் வேறு இடத்தில். உடைந்த இரண்டும் கால் நூற்றாண்டு தாண்டி இன்னும் ஓடுகின்றன. இரண்டும் லாபநோக்கில்லாதவை. மேலிருந்து கீழ்வரை யாருக்கும் சம்பளம் இல்லை.

நீடித்ததற்கு என்ன காரணம்? உடைந்துபோனவர்கள் கையோடு எடுத்துக்கொண்டு போனது பயிற்சி முறையை என்பதுதான் நான் பார்க்கிற காரணம். வாட்சிமை எடுத்துக்கொள்வோம். சேர்ந்தவுடன் நீங்கள் பார்வையாளர். மற்றவர்களின் திரையைப் பார்க்கலாம், பேச்சைக் கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது. பிறகு எழுத்துத் தேர்வு. தேறினால் மாணவர் முதல் நிலை: தரையில் நிற்கும் விமானங்களுக்கு வழித்தட அனுமதி கொடுப்பதும், அவற்றை நகர்த்துவதும். இரண்டாம் நிலையில் கோபுரம், அதாவது ஓடுபாதை உங்கள் பொறுப்பு. மூன்றாம் நிலையில் விமான நிலையத்தைச் சுற்றிய வான்பகுதி. அதற்கு மேல் கன்ட்ரோலர் என்ற தகுதி, பரந்த வழித்தட வானம். அதற்கும் மேல் பயிற்றுநர். (கன்ட்ரோலர் 1 உண்டு, 3 உண்டு, நடுவில் 2ஐ யாருக்கும் கொடுப்பதில்லை. எல்லா அதிகார அடுக்குகளிலும் இப்படி ஒரு காலிப் படி எங்கேயோ இருக்கும்.) ஒவ்வொரு படியிலும் ஒரு வழிகாட்டி கூடவே இருந்து கேட்கிறார். கடைசியில் நிஜப் போக்குவரத்தை வைத்துச் செயல்முறைத் தேர்வு. 'நிஜம்' என்று நானே எழுதிவிட்டேன் பாருங்கள். கற்பனை விமானங்களை ஓட்டும் நிஜ மனிதர்கள் என்று திருத்திக்கொள்கிறேன்.

நிஜக் கோபுரத்துக்குப் போகிற வழியோடு இதை ஒப்பிடலாம். இந்திய விமான நிலைய ஆணையத்தில் கட்டுப்பாட்டாளராகச் சேர இயற்பியல், கணிதத்தோடு பட்டம் வேண்டும், அல்லது பொறியியல். பிறகு 1948ல் அலகாபாத்தில் தொடங்கிய பயிற்சிக் கல்லூரி போன்ற இடங்களில் பயிற்சி. தமிழ் எம்.ஏ. படித்த நான் அந்த வாசலில் நிற்கவே முடியாது. பாவனைக் கோபுரத்தின் வாசலில் யாரும் பட்டம் கேட்பதில்லை. பதின்மூன்று வயது முடிந்திருந்தால் போதும். சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. குரலை மட்டும் கேட்கிறார்கள். (குரலே சில சமயம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பது வேறு விஷயம். அதற்கு வருகிறேன்.)

இன்னொரு தகவல். வாட்சிமின் வரைபடத்தில் இந்திய வானம் 'மேற்கு ஆசியா' என்ற பிரிவின் கீழ் வருகிறது. நம்முடைய பூகோளப் பாடத்தில் இல்லாத ஒரு மேற்கு ஆசியா. எல்லை வகுப்பவர்கள் தன்னார்வலர்களாக இருந்தாலும் எல்லை வகுக்கிற வேலை அதன் குணத்தோடுதான் இருக்கும்.

4

இனி நடத்தை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

வாட்சிமின் நடத்தை விதிகளைப் படித்தபோது என்னை நிறுத்திய விஷயம் ஒன்று: கட்டுப்பாட்டாளருக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. ஒரு விமானி சொன்னதைக் கேட்கவில்லை, வேண்டுமென்றே ஓடுபாதையில் குறுக்கே நிற்கிறார் என்று வையுங்கள். கட்டுப்பாட்டாளர் அவரை வெளியே தள்ள முடியாது. மேற்பார்வையாளர் என்று தனியாகச் சில தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், அவர்களை அழைக்கலாம். அவர்கள் வந்து பார்த்து, பேசி, தேவைப்பட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். அதற்கும் மேல்முறையீடு உண்டு. கட்டளை இடுகிறவர் ஒருவர், தண்டிக்கிறவர் இன்னொருவர்.

விதி அதோடு நிற்கவில்லை. புதிதாக வந்த விமானியிடம் பொறுமையாக இருக்க வேண்டியது கட்டுப்பாட்டாளரின் கடமை. அவருக்குப் புரியவில்லையென்றால் மெதுவாகச் சொல்ல வேண்டும், வேறு சொல்லால் சொல்ல வேண்டும். மைக் இல்லாதவர்கள், காது கேளாதவர்கள், பேசக் கூச்சப்படுகிறவர்கள் எழுத்தில் தட்டச்சு செய்து பறக்கலாம், அவர்களை ஒதுக்கக் கூடாது. விமானி அவசரநிலை அறிவித்து விளையாடலாம். எஞ்சின் தீப்பிடித்தது என்று சொல்லலாம். ஆனால் மற்றவர்களின் நெரிசலுக்கு நடுவே அதைக் கவனிக்க முடியாது என்று கட்டுப்பாட்டாளர் சொன்னால் நிறுத்திவிட வேண்டும். பாவனைச் சாவுக்குக்கூட இரண்டு தரப்பின் சம்மதம் தேவை. விமானக் கடத்தலை மட்டும் பாவனை செய்யவே கூடாது. அதற்கான 7500 என்ற குறியீட்டைப் போட்டால் வெளியே போக வேண்டியதுதான். வாட்சிம் தொடங்கி இரண்டு மாதத்தில் 2001 செப்டம்பர் 11 வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

கோபுரத்தில் ஆளே இல்லாதபோது என்ன நடக்கிறது என்பது இன்னும் சுவாரசியம். எல்லோரும் தன்னார்வலர்கள் என்பதால் பாதி வானத்தில் பாதி நேரம் ஆள் இருக்க மாட்டார். அப்போது விமானிகள் 122.8 என்ற பொது அலைவரிசைக்குப் போய், நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பாதையில் இறங்கப் போகிறேன் என்று தாங்களே அறிவித்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கொருவர் வழிவிட்டு இறங்குகிறார்கள். அராஜகவாதத்தில் நம்பிக்கை உள்ள நண்பர்கள் உடனே கைதட்டிவிட வேண்டாம். போக்குவரத்து குறைவாக இருக்கும்வரை இது அழகாக நடக்கும். ஒரே நேரத்தில் இருபது பேர் ஒரே ஓடுபாதைக்கு வந்தால், யாராவது ஒருவர் கோபுரத்தில் உட்கார மாட்டாரா என்று அவர்களே ஏங்குவார்கள். இங்கே அதிகாரம் ஒரு வசதியாகக் கேட்கப்படுகிறது, நேரம் முடிந்ததும் எழுந்து போய்விடுகிறது.

அமெரிக்கப் பெண்ணியர் ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் 'கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை' என்றொரு கட்டுரை எழுதினார். எங்கள் குழுவில் தலைமை இல்லை, விதி இல்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுக்களில் எழுதப்படாத தலைமை ஒன்று நட்பின் வழியாக உருவாகிவிடுகிறது. எழுதப்படாததால் அதைக் கேள்வி கேட்கவும் முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். நம் அனுபவத்துக்கு இது புதிதல்ல. பல வருஷங்களுக்கு முன் நான் இருந்த ஒரு அமைப்பில், ஒரு கூட்டத்தின் வசூல் கணக்கை ஒரு இளம் தோழர் கேட்டார். கணக்கு யாரிடம் இருந்ததோ அவரே விசாரணைக்குத் தலைமை வகித்தார். அவரே தீர்ப்பும் சொன்னார். பணம் ஒன்றும் பெரிய தொகை இல்லை, யாரும் சாப்பிட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் கேட்ட பையன் அதன் பிறகு வரவில்லை. நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. கட்டளை இடுகிறவர், விசாரிக்கிறவர், தண்டிக்கிறவர் மூவரும் ஒருவராகவே இருப்பது நமக்கு இயல்பாகப் பட்டது. அதற்குத் 'தோழமை' என்று பெயர் வைத்திருந்தோம்.

நிஜக் கோபுரத்தில் சாவு செய்கிற வேலையைப் பாவனைக் கோபுரத்தில் நடத்தை விதி செய்ய வேண்டியிருக்கிறது. விமானி கேட்காமல் போனால் கட்டுப்பாட்டாளருக்கு நேரப்போவது ஒன்றுமில்லை. விமானிக்கும் ஒன்றுமில்லை. எனவே சொல்லைக் கேட்க வைக்க மிச்சமிருப்பவை மூன்றுதான்: இவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை, இவர் என்னை அவமானப்படுத்த மாட்டார் என்ற நம்பிக்கை, மீறினால் வேறொருவர் நியாயமாகப் பார்ப்பார் என்ற நம்பிக்கை. முதலாவதைப் பயிற்சியும், இரண்டாவதை நடத்தை விதியும், மூன்றாவதை அதிகாரப் பிரிவினையும் தருகின்றன. மூன்றில் ஒன்று போனாலும் அந்த வானத்துக்கு யாரும் வர மாட்டார்கள். எந்த நிமிஷமும் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போகக்கூடியவர்களைக் கட்டுப்படுத்துகிற கலை இது.

5

இதோடு நிறுத்தினால் புகழ்ச்சிக் கட்டுரையாகிவிடும். வாசலைப் பார்க்க வேண்டும்.

பட்டம் கேட்காத வாசலில் வரிசை நிற்கிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஆயிரம், சொல்லிக்கொடுக்கச் சில பேர். அவர்களுக்கும் வேலை, குடும்பம், தூக்கம் உண்டு. எனவே பல நாடுகளில் மாதக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல். காத்திருக்க வைக்கிறவருக்கு, நினைக்காமலே, ஒரு அதிகாரம் வந்துவிடுகிறது. யாரை முதலில் கூப்பிடுவது, யாரை இன்னொரு வாரம் பழகட்டும் என்று விடுவது என்பதெல்லாம் விதிப்புத்தகத்துக்கு வெளியே நடக்கும். ஜோ ஃப்ரீமன் பின்வாசல் வழியாக உள்ளே வருகிற இடம் இதுதான். முன்வாசலில் அவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்த அதிகாரம், சொல்லிக்கொடுப்பவரின் நேரம் என்ற அரிய பொருளில் மறுபடி ஒன்றுசேர்ந்துவிடுகிறது.

அடுத்தது மொழி. மேல்மாடித் தம்பி தன் முதல் செயல்முறைத் தேர்வில் தோற்றதற்கு விதி தெரியாதது காரணமில்லை. ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் பேசியது மூன்று முறையும் காதில் ஏறவில்லை. நான்காம் முறை கேட்க வெட்கம். புரிந்த மாதிரி பதில் சொன்னான். டெனரிஃபின் பாடமே அதுதான் என்று பிறகு அவனே சொல்லிச் சிரித்தான்.

வானத்தின் மொழி ஆங்கிலம்தான் என்று நாம் பொதுவாக நம்புகிறோம். சர்வதேச விதி அவ்வளவு கறாராகச் சொல்லவில்லை. தரை நிலையம் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியில் பேசலாம். யாராவது ஆங்கிலம் கேட்டால் கொடுக்க வேண்டும். பிரான்சில் பிரெஞ்சு, ஸ்பெயினில் ஸ்பானிஷ், சீனாவில் சீனம் அலைவரிசையில் ஒலிக்கின்றன. இந்தியாவில் நிலையத்தின் வழக்கமான மொழி என்பது ஆங்கிலமாகவே இருந்துவிட்டது. கனடாவின் கியூபெக்கில் இதற்காகப் பெரிய போராட்டமே நடந்தது. பிரெஞ்சு பேசும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தங்களுக்குள் பிரெஞ்சில் பேசும் உரிமை கேட்டு அமைப்பாகத் திரண்டார்கள். 1976 ஜூனில் ஆங்கிலக் கனடாவின் விமானிகள் அதற்கு எதிராக வேலைநிறுத்தம் செய்து நாட்டின் வான்போக்குவரத்தையே நிறுத்தினார்கள். அவர்கள் சொன்ன காரணம் பாதுகாப்பு: ஒரே அலைவரிசையில் இருக்கும் மற்ற விமானிக்கும் புரிய வேண்டாமா? பிரெஞ்சுத் தரப்பு சொன்னதும் பாதுகாப்புதான்: ஆங்கிலம் அரைகுறையாகப் புரிந்த விமானி ஆபத்தில்லையா? அதே வருஷம் நவம்பரில் கியூபெக்கில் பிரிவினை பேசிய கட்சி ஆட்சியைப் பிடித்தது. மூன்று நீதிபதிகள் கொண்ட விசாரணைக் குழு 1979ல், இருமொழிக் கட்டுப்பாட்டால் பாதுகாப்புக்குக் குறைவில்லை என்றது. அந்த முடிவுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள் தெரியுமா? பாவனை வானத்தை உண்டாக்கி, கட்டுப்பாட்டாளர்களை உட்கார வைத்து, இரண்டு மொழிகளிலும் ஓட்டிப் பார்த்து. ஒரு மொழியுரிமைச் சண்டையில் சிமுலேட்டர் சாட்சி சொன்ன வரலாறு அது.

தமிழில் கட்டளை வேண்டும் என்று நான் கோஷம் போடவில்லை. இந்த ஆங்கிலம் யாருடைய ஆங்கிலம் என்றுதான் கேட்கிறேன். வானத்து விதிப்படி மூன்றை 'ட்ரீ' என்றும், ஒன்பதை 'நைனர்' என்றும், ஆயிரத்தை 'டௌசண்ட்' என்றும் சொல்ல வேண்டும். ஆபத்தில் கத்துகிற 'மேடே' 1920களில் குராய்டனில் பிரெஞ்சிலிருந்து எடுத்த சொல். ஆக, லண்டன்காரரும் தன் நாக்கை மாற்றிக்கொண்டுதான் இந்த மொழியைப் பேச வேண்டும். தாய்மொழியாக யாருக்கும் இல்லாத ஒரு சிறு மொழி அது. தேர்வில் அந்தச் சிறு மொழியைச் சோதித்தால் பருத்திப்பட்டும் எடின்பரோவும் ஒரே கோட்டில் நிற்கும். அதைத் தாண்டி அரட்டை ஆங்கிலத்தைச் சோதித்தால் கோடு உடனே சாய்ந்துவிடும். மூன்று முறை புரியாமல் போனால் மெதுவாகப் பேச வேண்டிய கடமை ஸ்காட்லாந்துக்காரருக்கும் உண்டு. அதை அவரிடம் யாரும் அன்று சொல்லவில்லை.

6

கூலியைப் பற்றிப் பேசாமல் தன்னார்வத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

1981 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் நிஜக் கட்டுப்பாட்டாளர்கள், சுமார் 13,000 பேர், வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது ஊதிய உயர்வும் வாரத்துக்கு 32 மணி நேர வேலையும். வேலையின் மன அழுத்தம் அப்படி. இரண்டே நாளில் ரீகன் 11,345 பேரை வேலையைவிட்டு நீக்கினார். இத்தனைக்கும் முந்தைய வருஷத் தேர்தலில் அந்தச் சங்கம் ஆதரித்தது அவரைத்தான். மேலதிகாரிகளையும் ராணுவக் கட்டுப்பாட்டாளர்களையும் வைத்து வானத்தை ஓட்டினார்கள். நீக்கப்பட்டவர்கள் மீதான தடை 1993 வரை நீடித்தது. அமெரிக்கத் தொழிற்சங்க இயக்கம் அந்த அடியிலிருந்து எழவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு.

ஆவடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1955ல் காங்கிரஸ் சோசலிச பாணி சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்ட ஊர் இது. 2021ல் பாதுகாப்புத் தளவாட ஆலைகளைக் கம்பெனிகளாக மாற்றியபோது, தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்யாமலிருக்க முதலில் அவசரச் சட்டமும் பிறகு சட்டமும் வந்ததை இங்கே டாங்கித் தொழிற்சாலை வாசலில் பார்த்தோம்.

கூலி கேட்காத, வேலைநிறுத்தம் செய்யாத, ஓய்வு நேரத்தில் தானாக வந்து எட்டு மாதம் காத்திருந்து கற்றுக்கொள்கிற கட்டுப்பாட்டாளர், ரீகனின் கனவில் வந்த தொழிலாளி இல்லையா? அந்த ஆபத்து இருக்கிறது. மேல்மாடித் தம்பி எந்த நிஜக் கட்டுப்பாட்டாளரின் வேலையையும் பறிக்கவில்லை. நிஜக் கோபுரத்தில் அவனை ஒரு நிமிஷம்கூட உட்கார விட மாட்டார்கள். ஆனால் ஆர்வம் இருந்தால் போதும், கூலி எதற்கு என்ற பேச்சு மென்பொருள் கம்பெனியிலிருந்து அங்கன்வாடி வரை எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்தப் பேச்சுக்கு இதை உதாரணமாக யாரும் காட்டிவிடக் கூடாது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருப்பது தற்செயலல்ல. 'தன்னார்வலர்' என்பது சமீபத்துச் சொல், தொண்டு நிறுவனங்களின் படிவங்களோடு பரவியது. அதற்கு முன் நம்மிடம் இருந்தது 'தொண்டர்'. பெரிய புராணத்தின் அசல் பெயர் திருத்தொண்டர் புராணம். தொண்டு என்றால் அடிமைத்தனம் என்றும் ஒரு பொருள் அகராதியில் உண்டு. பக்தி இயக்கத்திலிருந்து திராவிட இயக்கம் வரை அந்தச் சொல் நடந்துவந்திருக்கிறது. தொண்டர் என்றால் எதிரில் தலைவர் இருக்க வேண்டும். தொண்டர் கட்டளை இடுவதில்லை. கேட்பார், சுவரொட்டி ஒட்டுவார், அடி வாங்குவார். தன்னார்வலருக்குத் தலைவர் இல்லை, ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். அடியும் இல்லை, சான்றிதழ் உண்டு. தொண்டரின் முழு அர்ப்பணிப்பும் தன்னார்வலரின் லேசான தன்மையும் போக, மூன்றாவதாக ஒன்றுக்கு நம்மிடம் சொல் இல்லை: இன்று நான் சொல்கிறேன், நீ கேள். நாளை நீ கோபுரத்தில், நான் வானத்தில். பாவனை வானத்தில் பெரும்பாலான கட்டுப்பாட்டாளர்கள் மற்ற நாட்களில் விமானிகளாகப் பறக்கிறவர்கள். கேட்பது எப்படியிருக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறார்கள்.

7

தம்பியின் இரண்டாவது தேர்வன்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். மின்விசிறியை நிறுத்திவிட்டான், சத்தம் மைக்கில் விழும் என்று. பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் ஒரு விமானத்துக்குத் தப்பான உயரத்தைச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. முகம் மாறியது. அடுத்த நொடியே 'கரெக்‌ஷன்' என்றான், சரியான எண்ணைச் சொன்னான். எதிர்க்குரல் அதைத் திருப்பிச் சொன்னது. அவ்வளவுதான். அடுத்த விமானத்துக்குப் போய்விட்டான்.

பிறகு கேட்டேன். வானத்தில் தப்பாகச் சொல்லிவிட்டால் அதற்கென்றே வைத்திருக்கிற சொல்லாம் அது. மன்னிப்பு கேட்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், யார் மேலும் பழி போட வேண்டாம். திருத்தம் என்று சொல்லிவிட்டுச் சரியானதைச் சொல்ல வேண்டும். தேர்வாளர் அந்தத் தப்புக்கு மார்க் குறைத்தாராம். திருத்தியதற்குக் குறைக்கவில்லையாம்.

"பாஸாண்ணே" என்றான். மணி ஒன்றரை. நான் கீழே இறங்கி வந்து, பல வருஷங்களுக்கு முன் கணக்கு கேட்ட அந்தத் தோழரின் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன்.